தொழுவத்து ஆணியில் ஒரு பாவாடை

மினசோட்டா,
1884 பிப்ரவரி, ஞாயிறு மதியம்.

என் அன்புக்குரிய கணவர் யோனாஸ் அவர்களுக்கு,

ஸ்டினா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். அந்தக் காட்டுக் குளிரில் உங்கள் கைகால்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதுதான் தினமும் என் ஜெபம். நீங்கள் மரம் வெட்டும் முகாமுக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டு நாளைக் காலையில் நில்ஸ் மோன்சன் புறப்படுகிறார். அவர் கையில் இந்தக் கடிதம் வருகிறது, வாயில் வேறொரு செய்தி வருகிறது. அவர் வாயைத் திறப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள். வருகிற கடிதத்தையெல்லாம் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சத்தமாகப் படிப்பீர்களாமே, இதை அப்படிப் படிக்க வேண்டாம். குதிரை லாயத்துப் பக்கம் தனியாகப் போய்ப் படியுங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. ஆக்செலுக்குக் கீழ்ப்பல் ஒன்று முளைத்திருக்கிறது. கிடைத்ததையெல்லாம் கடிக்கிறான், போதகரின் விரலைக்கூட விடவில்லை. ஹில்டா பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட இங்கிலீஷில்தான் இப்போது கோழிகளைத் திட்டுகிறாள். கோழிகளுக்குப் புரிகிறதோ என்னவோ, எனக்குப் புரியவில்லை. நிலவறையில் உருளைக்கிழங்கு உறையாமல் இருக்கிறது. தொழுவத்தின் வடக்கு மூலையில் பனிப் பாரம் தாங்காமல் ஒரு பலகை விரிந்தது. நானே ஏறி ஆணி அடித்தேன். கோணல்தான், வந்து திட்டுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முகாமிலிருந்து எல்லார் வீட்டுக்கும் கடிதம் வந்தது, நம் வீட்டைத் தவிர. கேட்டவர்களிடம், கை விறைத்திருக்கும், பேனா பிடிக்க முடிந்திருக்காது என்று சொல்லி வைத்தேன். காரணம் எனக்குத் தெரியாதா? பிள்ளை சின்னது, இந்த வருஷம் காட்டுக்குப் போவதாக இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர் நீங்கள். தையல் சங்கத்துப் பெண்கள் நம் வீட்டுக்கு வந்துபோன மறுவாரமே கோடாரியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவீர்களோ என்று பயமாக இருந்தது.

அன்றைக்கு நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் என் கையால் ஒரு தடவை எழுதிவிடுகிறேன். ஆக்செல் பிறந்து எனக்கு ஜுரம் கண்டு மார்பில் பால் வற்றிப்போனது. பிள்ளைக்கு நம் பசு மாய்ரோஸின் பாலை விட்டால் வேறு கதி இல்லை. அவளோ என் கையைத் தவிர யார் கை பட்டாலும் பாலை அடக்கிக்கொண்டு வாளியை உதைப்பாள். நீங்கள் எங்கேயோ போய் யோசித்துவிட்டு வந்து, என் பழுப்புப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, தாடியை என் முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றீர்கள். "என்னடி பாக்குற, மாய்ரோஸுக்குப் புது எஜமானியம்மா வந்திருக்கேன்" என்றீர்கள். ஜுரத்திலும் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. என் வாசனை பட்டதும் அவளும் ஏமாந்துபோய்ப் பால் இறக்கினாள். காலையும் மாலையும் அப்படித்தான் கறந்தீர்கள். அது நமக்குள் இருந்த வேடிக்கை. அந்த வேடிக்கையில்தான் நம் பிள்ளை பிழைத்தான்.

அப்புறம் நம் வீட்டில் தையல் சங்கம் கூடும் முறை வந்தது. நான் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தேனே தவிர, வாளி தூக்கக் கையில் பலம் இல்லை. ஏலக்காய் ரொட்டி சுட்டு, காபி வைத்து, ஜன்னலுக்கு இஸ்திரி போட்ட திரை கட்டி எல்லாரையும் உட்கார வைத்தாயிற்று. கறக்கும் நேரமாயிற்று, நீங்கள் பின்பக்கமாகத் தொழுவத்துக்குப் போனீர்கள். அந்தப் பாழாய்ப்போன ஜன்னல் பக்கமா பிரீட்டா உட்கார வேண்டும்! "ஸ்டினா, யாருடி அந்த நெட்டச்சி?" என்றாள்.

பிரீட்டா, கடல் தாண்டி நாம் விட்டு வந்த ஸ்மோலாந்து ஊர்க்காரி, மாதம் தவறாமல் ஊருக்குக் கடிதம் போடுகிறவள். பால் கறப்பது பெண்பிள்ளை வேலை, பசுவின் மடியில் கை வைத்த ஆண்பிள்ளையை நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும், உங்கள் அப்பாவே சொல்லியிருக்கிறார். "வேலைக்காரி. புதுசா வந்திருக்கா. கொஞ்சம் மந்தம்" என்று சொல்லிவிட்டேன். உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று பல நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அது பொய். புருஷனைக் கறக்க விட்டுவிட்டு இவள் கட்டிலில் கிடந்தாளா என்று என்னைத்தான் கேட்பார்கள் என்ற பயம் எனக்கு.

ஒரு பொய்யோடு விட்டதா? போதகரம்மாவின் நல்ல மனசு வேறு வந்து சேர்ந்தது. "இது அமெரிக்கா, ஸ்டினா. இங்க வேலைக்காரியும் நம்மகூட ஒரே மேஜையிலதான் சாப்பிடணும்" என்று சொல்லி, நான் தடுக்கத் தடுக்க, காபியும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு அவரே தொழுவத்துக்கு நடந்தார். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள். நீங்கள் மாய்ரோஸின் விலாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டீர்கள். நிமிராமல் கையை நீட்டிக் கோப்பையை வாங்கினீர்கள். அப்புறம் எழுந்து, தலையைக் குனிந்தபடியே, வேலைக்காரப் பெண் வைப்பதுபோல முழங்காலை மடக்கி வணக்கம் வைத்தீர்கள். என் பொய் அம்பலமாகக் கூடாது என்று.

அதைப் பார்த்த பிறகாவது என் நாக்கு அடங்கியிருக்க வேண்டும். "கையப் பாருங்கடி, பாறை ஒடைக்கிற கை!" என்று பிரீட்டா சிரித்தாள். நானும் சிரித்தேன். "கை மட்டுமா? தலையும் பாறைதான், உள்ள ஒண்ணும் கெடையாது" என்றேன். கைக்கெட்டும் தூரத்தில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள்.

அவர்கள் போன பிறகு பாவாடையை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டு வந்து சாப்பிட்டீர்கள். ரொட்டி நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னீர்கள். அதற்குப் பதிலாக என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நீங்கள் போன பிறகு மாய்ரோஸ் எனக்கு வைத்தாள் பாருங்கள் வேட்டு. உங்கள் கைக்கே பழகிவிட்டாள். நான் உட்கார்ந்தால் திரும்பிப் பார்க்கிறாள், உதைக்கிறாள், ஒரு சொட்டு இறக்க மாட்டேன் என்கிறாள். ஹில்டா ஒரு நாள் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "அந்த மந்தமான வேலைக்காரி எப்பம்மா திரும்பி வருவா? அவ கறந்தா மாய்ரோஸ் உதைக்கவே மாட்டாளே" என்றாள். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. அவளுக்கு அன்றே எல்லாம் தெரியும். பெற்ற பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாமல் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் உங்கள் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, தொப்பியை வைத்துக்கொண்டு, கறக்கும்போது நீங்கள் முனகுவீர்களே அந்த மெட்டை எனக்குத் தெரிந்தமட்டில் முனகிப் பார்த்தேன். காதை ஆட்டினாள். பாலும் விட்டாள். அன்றிலிருந்து உங்கள் கோட்டில்தான் கறக்கிறேன்.

போன வாரம் சங்கத்து ஏலத்துக்கு நான் பின்னிய காலுறைகளை வாங்கிப் போகப் போதகரம்மாவும் பிரீட்டாவும் பனிவண்டியில் வந்தார்கள். நான் அந்தக் கோலத்தில் தொழுவத்தில் இருந்தேன். "யாரோ ஆம்பள கறக்குறான்! யோனாஸ் வந்துட்டாரா, இல்ல கூலிக்கு ஆள் வச்சிருக்காளா?" என்று முற்றத்திலேயே பிரீட்டா கூவினாள். ஆமாம், கூலியாள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது, யோனாஸ். தொப்பியைக் கழற்றினேன். "நான்தான், ஸ்டினா. அன்னிக்கு நீங்க காபி குடுத்த வேலைக்காரி என் வீட்டுக்காரரு. அவரு மந்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் படுத்துக் கெடந்தப்போ எம் புள்ளைக்குப் பால் கறந்த மனுஷன். பொய் சொன்னது நானு" என்றேன்.

"ஐயோ கர்த்தாவே, அந்தத் தாடிய எங்கடி ஒளிச்சு வச்சாரு!" என்று பிரீட்டா வைக்கோலில் உட்கார்ந்து சிரித்தாள். போதகரம்மா சிரிக்கவில்லை. கூடையை எடுத்து வரச் சொல்லி அவளை வண்டிக்கு அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க போதகர் ஐயாவும் போன வருஷத்துலேருந்து கறக்குறாரு, ஸ்டினா. கதவத் தாழ் போட்டுக்கிட்டு. யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். உங்களிடம் சொல்வது கணக்கில் சேராது என்று நினைக்கிறேன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இன்று ஆராதனை முடிந்து வெளியே வந்தால், கோவில் வாசலில் ஆண்கள் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நில்ஸ் என்னிடமே, "நம்ம பால்காரி முகாமுல எப்படி இருக்கான்னு பாத்துட்டு வரேன்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உண்மையைச் சொல்லி என் பாரத்தை இறக்கி வைத்துவிட்டதாக நினைத்திருந்தேன். இறக்கி வைத்தது உங்கள் தோளில். நீங்கள் யாரிடமும் சொல்லாமல் காத்ததை உங்களைக் கேட்காமல் நான் போட்டு உடைத்துவிட்டேன். முதலில் பொய் சொல்லி உங்களைத் தலைகுனிய வைத்தேன், இப்போது மெய் சொல்லித் தலைகுனிய வைத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதைவிடப் பெரிய வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

தனியாகப் படியுங்கள் என்று மேலே எழுதினேனே, அதை மாற்றிக்கொள்கிறேன். அவர்கள் உங்களைக் கேலி செய்தால் இதை அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சத்தமாகவே படியுங்கள். யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியட்டும். போதகரம்மா சொன்ன இடத்தை மட்டும் தாண்டிவிடுங்கள்.

பனி உருகி ஆறு திறந்தால் கட்டைகளோடு எல்லாரும் இறங்கி வருவீர்கள். சிலர் அப்படியே மேற்கே கோதுமை நிலங்களுக்குக் கூலிக்குப் போய்விடுவதும் உண்டு என்று கேள்விப்படுகிறேன். உங்களைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆக்செலுக்கு ஒரு பல் முளைத்திருக்கிறது என்று மட்டும் மறுபடி சொல்லிக்கொள்கிறேன்.

பழுப்புப் பாவாடை நீங்கள் மாட்டிய ஆணியில்தான் தொங்குகிறது. நேற்று அதை இறக்கி ஓரத்தைப் பிரித்தேன். அன்று உங்கள் கணுக்கால் தெரிந்தது. உள்ளே மடித்திருந்த துணியை முழுக்க விட்டு, அது போதாமல் என் கல்யாணப் பாவாடையிலிருந்து ஒரு பட்டி வெட்டிச் சேர்த்து, உங்கள் உயரத்துக்குத் தைத்து வைத்திருக்கிறேன். இனி அது எனக்கு ஆகாது, நான் போட்டால் தரையில் புரளும். கட்டுவதும் கட்டாததும் உங்கள் இஷ்டம். தொழுவத்துக் கதவைத் தாழ் போட வேண்டியதில்லை. யார் வந்தாலும் வாசலில் நான் உட்கார்ந்திருப்பேன்.

விழுகிற மரங்களுக்கு நடுவே கர்த்தர் உங்களைக் காப்பாராக. வீட்டு வழியை உங்கள் கால்களுக்குக் காட்டுவாராக.

உங்கள் மனைவி,
ஸ்டினா