பின்னுக்கு நிக்கிறவள்

1996 செப்டெம்பர் 9, திங்கள்

காலமை மழை. பிறகு நல்ல வெயில். பிறசர் 150/90. லிப்ற் பழுது, ஒம்பதாம் மாடியாலை இறங்கேல்லை. உடுப்புத் தோய்ப்பு நாளைக்கு.

டொக்டர் இந்தக் கொப்பியிலை பிறசரை மட்டுந்தான் எழுதச் சொன்னவர். எனக்குப் பேனையை எடுத்தால் நிப்பாட்ட ஏலாது. அஞ்சாம் வகுப்போடை நிண்டனான் எண்டு என்ரை எழுத்தைப் பாத்து ஒருத்தரும் சொல்லேலாது.

பேத்தி தர்சினி கொலிஜ் புட்போல் ரீமிலை எடுபட்டிட்டாள். பொம்பிளைப் பிள்ளையளின்ரை ரீம். இஞ்சை, இந்த வெள்ளைக்கார நாட்டிலை, சொக்கர் எண்டுதான் சொல்லவேணுமாம். இருபது பேரிலை தமிழ்ப் பிள்ளை இவள் ஒருத்திதான். பேரை நெடுக எழுதக் கை உளையுது. இனி த. எண்டு எழுதுறன்.

மருமகளுக்கு முகம் சரியில்லை. "கட்டைக் காச்சட்டையோடை ஓடுறதுக்கே மாமி கொலிஜுக்கு விட்டனாங்கள்?"

"ஓடட்டும். ஆரும் கேட்டால் நான் மறுமொழி சொல்லுறன்."

நான் சொன்னாப் பிறகு அவ மறிக்கமாட்டா. மகன் சிரிச்சான். பிறகு சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போட்டான். பெரிய கந்தோர்க் கட்டிடங்கள் கூட்டித் துடைக்கிற வேலை. ஊரிலை கந்தோரிலை கிளாக்கரா இருந்தவன்.

செப். 11, புதன்

ரெலிபோனிலை த.வைப் பற்றிச் சொன்ன ஆக்கள்:
பிறம்ரனிலை இருக்கிற மச்சாள்.
விட்பியிலை இருக்கிற பொன்னு அக்கா. (காது கேக்காது. மூண்டுதரம் சொன்னன்.)
கமலா. (எங்கடை ஊர்ப் பிள்ளை.)
கமலாவின்ரை தமக்கை. அவவுக்குக் கமலா முதலே சொல்லிப்போட்டா.

பிறசர் 140/85. சந்தோசம் எண்டால் குறையும் போலை.

செப். 17, செவ்வாய்

வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தன். த. ஓடி வந்து கழுத்தைக் கட்டிப்பிடிச்சாள். "அப்பம்மா, கோச் என்னை ஸ்வீப்பராப் போட்டிட்டார்!"

"என்னவாப் போட்டவர்?"

"ஸ்வீப்பர்."

எனக்கு இங்கிலீசு தெரியாதுதான். இந்தச் சொல்லுத் தெரியும். எங்கடை ஊர் ரவுணிலை தும்புத்தடியும் வண்டிலுமா விடியப்புறம் தெருக் கூட்ட வாற ஆக்களுக்கு அதுதான் பேர். அவையை நாங்கள் படலைக்கு உள்ளை விட்டதில்லை.

முகத்தைப் பாத்திட்டு விளங்கப்படுத்த வெளிக்கிட்டாள். என்ரை பிறசர்க் குளிசைப் போத்தில்களை எடுத்து மேசையிலை கொட்டினாள். மூண்டு வெள்ளைக் குளிசை ஒரு வரிசையா. அதுக்குப் பின்னாலை தனிய ஒரு மஞ்சள் குளிசை. அதுக்கும் பின்னாலை கோல். பந்துக்கு ஒரு மிளகு.

"இந்த மூண்டு பேரும் ஒவ்வொரு ஆளைப் பிடிச்சுக்கொண்டு நிப்பினம். மஞ்சள்தான் நான். எனக்கு ஆள் இல்லை. நான் எல்லாரையும் பாப்பன். ஆரும் தப்பி வந்தால் பின்னுக்கு நிண்டு கூட்டி அள்ளிப்போடுவன்."

"மற்றவை விடுறதை நீ ஏன் கூட்டவேணும்?"

"ஐயோ அப்பம்மா, அதுதானே வேலை!" விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

நான் சிரிக்கேல்லை. மேசையிலை வைச்ச மூண்டு வெள்ளையிலை ரெண்டுதான் திரும்பப் போத்திலுக்கை போனது. மற்றதைக் காணேல்லை.

செப். 19, வியாழன்

குளிர் காத்து. பின்னேரம் கொலிஜ் கிறவுண்டுக்கு த. கூட்டிக்கொண்டு போனாள். ரெண்டு பஸ். மரியா எண்ட போத்துக்கல் பிள்ளை, கோலுக்கை நிக்கிறவள், ஓடி வந்து எனக்குக் கதிரை வைச்சாள். நான் கொண்டுபோன உழுந்து வடையிலை நாலு அவளே சாப்பிட்டாள். உறைப்பிலை கண்ணாலை தண்ணி, ஆனா நிப்பாட்டேல்லை. நல்ல பிள்ளை.

வெண்டிட்டினமாம். இவையின்ரை பக்கம் ஒரு கோலும் விழேல்லை.

ஆனா எனக்கு மனம் சரியில்லை. எல்லாப் பிள்ளையளும் ஓடுதுகள், விழுதுகள், சனம் கைதட்டுது. என்ரை பிள்ளை மட்டும் பின்னுக்கு நிண்டு கையைக் கையைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். ரெண்டடி இஞ்சாலை, ரெண்டடி அங்காலை. பந்து தானா இவளின்ரை காலடிக்கு வருது, இவள் அதைத் தூர அடிக்கிறாள். இதுக்கு என்னத்துக்கு ஒரு ஆள்? ஒருத்தரும் இவளுக்குக் கைதட்டேல்லை. கோச் மட்டும் முதுகிலை தட்டினவர்.

செப். 21, சனி

கமலா வந்தவ. ரூஜ் எண்ட இடத்திலை வீடு வாங்கியிருக்கினம், குடிபுகுதலுக்குச் சொல்லிக் காட் தந்தா. நாலு றூம் எண்டு நாலுதரம் சொன்னா. பேச்சை மாத்த நான் த.வின்ரை விளையாட்டை எடுத்தன். என்ரை வாய்தான்.

"என்னவா விளையாடுறா அன்ரி?"

நான் சொல்ல முந்தி த. சொல்லிப்போட்டாள். கமலா வாயிலை இருந்த தேத்தண்ணி புரைக்கச் சிரிச்சா.

"தகப்பன் பில்டிங் கூட்டுறார், மகள் கிறவுண்டு கூட்டுறாவோ? குடும்பமா ஒரு கொம்பனி துவங்குங்கோவன் அன்ரி!"

பகிடிக்குத்தான். த.வும் சிரிச்சாள். மகன் அடுப்படியிலை கோப்பை கழுவிக்கொண்டு நிண்டவன். தண்ணிக் குழாய் கன நேரம் ஓடினது.

பிறசர் 170/100.

செப். 22, ஞாயிறு

த.வைக் கூப்பிட்டுக் கதைச்சன். அப்பிடியே எழுதுறன், பிறகு நான் மாத்திச் சொல்லக்கூடாது.

"அந்த இடம் வேண்டாம் எண்டு கோச்சிட்டைச் சொல்லு. முன்னுக்கு விடச் சொல்லு."

"நல்ல பிளேயரைத்தான் அப்பம்மா அதிலை போடுறது. எல்லாத்தையும் வாசிக்கத் தெரியவேணும்."

"பேர் வேண்டாம்."

"பேரிலை என்ன? அப்பா என்ன வேலை செய்யிறார்? அது வெக்கமோ?"

"அது வயித்துக்குச் செய்யிறது. நீ விளையாட்டிலையும் கூட்டவேணுமோ?"

நான் கடைசியாச் சொன்னது: "இல்லையெண்டால் கொம்மாவோடை நான் இனி உனக்காகக் கதைக்கமாட்டன்."

நான் கதைக்காட்டி விளையாட்டே இல்லை எண்டு அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். சரி எண்டாள்.

வெண்டமாதிரி இருந்தது.

செப். 26, வியாழன்

மாத்திப்போட்டார். ஏன் எண்டு கோச் கேட்டவராம். முன்னுக்கு ஓட விருப்பம் எண்டு சொன்னாளாம். இப்ப நடுவிலை, முன்னுக்கு. பின்னுக்கு மெலிசா எண்ட நெடுத்த வெள்ளைப் பிள்ளை.

கமலாவுக்கு ரெலிபோன் அடிச்சுச் சொன்னன். மச்சாளுக்கும் சொன்னன். கடையிலை மீன் நல்லாயில்லை.

ஒக்ரோபர் 5, சனி

மெல்ல எழுதுறன்.

காலமை மங்கிக் குல்லா, ரெண்டு சோக்ஸ், பிளாஸ்கிலை கோப்பி. மரியாவுக்கு வடை. இண்டைக்குப் பிறம்ரன் பக்கத்து ரீம்.

த. ஓடினாள். வடிவா ஓடினாள். சனம் கைதட்டினது. பக்கத்திலை இருந்த ஆரோ ஒரு கிழவனுக்கு நெஞ்சிலை கைவைச்சுக் காட்டினன், என்ரை பிள்ளை எண்டு.

எங்கடை பக்கம் முதல் கோல் விழ நான் கவனிக்கேல்லை. ரெண்டாவதைக் கண்டன். மெலிசா கெட்டிக்காரி, ஓட்டக்காரி. ஆனா பந்து எங்கையோ அங்கை ஓடுறாள். அவள் ஓடின உடனை பின்னுக்கு அவ்வளவு இடமும் வெறுமை. முன்னாலை மூண்டு பேரும் தங்கடை தங்கடை ஆளைப் பிடிச்சபடி நிக்கினம், பிழை ஒருத்தரிலும் இல்லை. ஆனா நாலாவதா ஒருத்தி ஓடி வந்தால் அவளுக்கு ஆளில்லை. பின்னுக்கு நிண்டு கத்திச் சொல்லவும் ஆளில்லை. மேசையிலை மஞ்சள் குளிசை இருந்த இடம் அப்பதான் எனக்குத் தெரிஞ்சது. ஓடுறதில்லை அங்கை வேலை. நிக்கிறதுதான் வேலை. அவள் நிண்டபடியாத்தான் அண்டைக்குப் பந்து அவளின்ரை காலடிக்கு வந்தது.

த.வும் கண்டிட்டாள். நடுவிலை நிண்டு திரும்பித் திரும்பிப் பாக்கிறாள். கோச் முன்னுக்குப் போ எண்டு கை காட்டுறார்.

நாலாவது கோல். ஒருத்தி தனிய வாறாள். கோலுக்கும் அவளுக்கும் இடையிலை ஒரு சனமும் இல்லை. மரியா கோலை விட்டு வெளியிலை ஓடி வந்தாள். வேறை என்ன செய்யிறது. த. நடுவிலை இருந்து பின்னுக்கு ஓடி வாறாள், கத்திக்கொண்டு. எட்டேல்லை.

ரெண்டு பேரும் மோதின சத்தம் எனக்குக் கேட்டது. காய்ஞ்ச மட்டை முறிஞ்ச சத்தம். மரியாவின்ரை கால் முழங்காலுக்குக் கீழை திரும்பிக் கிடந்தது. மற்றப் பிள்ளை எழும்பி நிண்டு அழுகுது.

அம்புலன்ஸ் புல்லுக்கு மேலாலை வந்தது.

வடைப் பை கதிரையோடை விடுபட்டுப்போச்சு.

ஒக். 8, செவ்வாய்

மழை. பிறசர் பாக்கேல்லை.

த. றூமுக்கை. ரெலிபோனிலை ஆரோ இங்கிலீசிலை கத்தினது வெளியிலையும் கேட்டது. இவள் "ஐ நோ, ஐ நோ" எண்டு மட்டும் சொன்னாள். தான் கோல் அடிச்சுப் பேர் எடுக்கிறதுக்காக இடத்தை விட்டிட்டுப் போனவள் எண்டு எல்லாப் பிள்ளையளும் கதைக்கினமாம். அடுத்த மச்சுக்குப் போட்ட பட்டியலிலை இவளின்ரை பேர் இல்லை. மெலிசாவும் இவளோடை கதைக்கிறேல்லை. சோத்துக் கோப்பையை உள்ளை வைச்சுக்கொண்டு கேட்டன்.

"அப்பம்மாதான் மாறச் சொன்னவ எண்டு ஏன் பிள்ளை நீ சொல்லேல்லை?"

"வட் டூ ஐ டெல் தெம், அப்பம்மா? ஸ்வீப்பர் எண்டது எங்கடை வீட்டிலை ஊத்தைச் சொல்லு எண்டோ?"

கதவைச் சாத்தேல்லை. சாத்தியிருந்தால் நல்லம்.

மருமகள்: "சரி, ஒரு மாதிரி விளையாட்டு நிண்டிட்டுது. இனிப் படிப்பைப் பாக்கட்டும்." அவவிலை குற்றம் இல்லை.

ஒக். 10, வியாழன்

கோழி சூப் வைச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனன். த. வரமாட்டன் எண்டிட்டாள். மகன் வாசல்மட்டும் கொண்டுவந்து விட்டவன்.

மரியாவின்ரை காலுக்குள்ளை இரும்புக் கம்பி. இந்த வருசமும் இல்லை, அடுத்த வருசமும் சந்தேகம். தாய்க்காரி கறுப்புச் சட்டை, அவவுக்கும் இங்கிலீசு இல்லை. ரெண்டு பேரும் பக்கத்திலை பக்கத்திலை இருந்தம். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு சொறி ஒண்டுதான். சொன்னன். அவ என்ரை கையைத் தட்டினா. எதுக்கெண்டு தெரிஞ்சால் தட்டியிருப்பாவோ.

மரியா சூப்பைக் குடிச்சிட்டுத் தனக்கு முன்னாலை உள்ள வெறும் இடத்தைக் கையாலை தடவிக் காட்டினாள். "நோ தர்ஷ்" எண்டாள். த.வை அவள் கூப்பிடுற பேர் அது. கோவமா இல்லை. சும்மா, நடந்ததைச் சொல்லுறமாதிரி. "நோ தர்ஷ்."

ஒக். 13, ஞாயிறு

கமலாவின்ரை குடிபுகுதல். போகேல்லை. தலையிடி எண்டு சொல்லச் சொன்னன்.

பிறசர் 180/100. டொக்டருக்கு இந்தக் கொப்பியைக் காட்டேலாது. புதுசு ஒண்டு வாங்கவேணும்.

ஒக். 15, செவ்வாய்

வெயில், ஆனா சூடில்லை. மருமகள் வேலை. த. கொலிஜ். மகன் பகல் நித்திரையாலை எழும்பித் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தான். ரெண்டு நாளா யோசிச்சு வைச்சதைக் கேட்டன்.

"தம்பி, கோச்சுக்கு இங்கிலீசிலை ஒரு கடிதம் எழுதித் தா."

"என்னெண்டு?"

"பிள்ளையிலை பிழை இல்லை, நான்தான் அவளை இடம் மாறச் சொல்லி வில்லங்கப்படுத்தினனான் எண்டு. பிள்ளையளுக்கு முன்னாலை வாசிக்கச் சொல்லி எழுது."

கடுதாசி எடுத்தான். எழுத்து இன்னும் கந்தோர் எழுத்துத்தான், சரிவா, வடிவா. ரெண்டு வரி எழுதிப்போட்டு நிப்பாட்டினான்.

"ஏன் மாறச் சொன்னனீங்கள்? அதை எழுதாட்டி அவர் நம்பமாட்டார் அம்மா."

"அந்த இடத்தின்ரை பேர் எனக்குப் பிடிக்கேல்லை எண்டு எழுது."

"என்ன பேர்?"

அவனுக்குத் தெரியும். கமலா சிரிக்கேக்கை அடுப்படியிலை நிண்டவன். தெரிஞ்சும் கேட்டான். பேனையைத் தூக்கிப் பிடிச்சபடி, கடுதாசியைப் பாத்தபடி.

சொன்னன்.

எழுதினான்.

"அதிலை என்ன பிடிக்கேல்லை எண்டு எழுதவோ?"

"எழுது. அப்பிடி ஒரு வேலை எங்கடை ஆக்களுக்கு வெக்கம் எண்டு நினைச்சனான் எண்டு."

"நினைச்சனான் எண்டோ, நினைக்கிறன் எண்டோ அம்மா? இங்கிலீசிலை அது ரெண்டும் வேறை."

தமிழிலையும் வேறைதான். அவன் பாத்துக்கொண்டிருந்தான். நான் யோசிச்சு, "நினைச்சனான்" எண்டன். அந்த யோசிச்ச நேரத்தை அவன் கண்டிட்டான்.

முழுக்க இங்கிலீசிலை வாசிச்சான், பிறகு தமிழிலை சொன்னான். நான் கீழை என்ரை முழுப்பேரையும் வைச்சன். மடிச்சு என்வலப்பிலை போட்டு மேசையிலை வைச்சிட்டு, "த. வந்தால் குடுங்கோ" எண்டான்.

வேலைக்குப் போட்டான். வழமையிலும் ஒரு மணித்தியாலம் முந்தி.