லொறிக்கு முன் கறிமீன்

சாய்ந்தமருது
2009.08.09

அன்பு மகள் ஸுஹைறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே இருவரும் அல்லாஹ்வின் கிருபையால் நல்ல சுகம். நீயும் மருமகனும் கோலாலம்பூரில் சுகத்தோடும் ஈமானோடும் இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். இதை ஃபோனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் காசு முடிந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். பொருளியல் படிக்கிறவள் நீ, கவனமாக வாசி.

யுத்தம் முடிந்ததும் நம் கடற்கரையே மாறிவிட்டது மகள். வழியில் சோதனைச் சாவடிகளில் மறித்து இறக்கி ஏற்றும் தொல்லை குறைந்து, கொழும்பு லொறிகள் ஐஸோடு நேரே மணலுக்கு வருகின்றன. மீன் விலை ஏறிய ஏற்றத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஊர்ச் சந்தையில் மீன் பலகை காய்ந்து கிடந்தது. அரசாங்கம் மீனுக்கு உச்ச விலை கட்ட வேண்டும் என்று மீனவர் சங்கக் கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். நான் எழும்பி, போன விடுமுறையில் நீ சொல்லித் தந்ததை அப்படியே ஒப்புவித்தேன், அரிசிக்கு விலை கட்டினதும் அரிசி கடைகளிலிருந்து மறைந்ததை மறந்துவிட்டீர்களா, சந்தையை அதன் பாட்டில் விடுங்கள் என்று. கைதட்டல்கூடக் கிடைத்தது. அந்தத் தலைக்கனத்தோடு இருந்தபோதுதான் ஒரு கொழும்பு வியாபாரி வந்து, எல்லாரையும் விடக் கூட விலை தாறன், ஆனா படுற மீன் முழுக்க எனக்கு, மணல்ல ஒண்டும் விக்கவோ குடுக்கவோ கூடாது என்றான். நானும் ஓம் என்றுவிட்டேன். நம் கரைவலையைக் கயிறு பிடித்துக் கரைக்கு இழுக்கிறவர்களுக்குப் பங்குக் காசோடு வீட்டுக் கறிக்கு ஒரு கை மீனும் கொடுப்போமே, அந்தக் கறிமீனும் அன்றோடு நின்றது. விலை கூடினால் அவர்கள் பங்கும் கூடும், பிறகென்ன குறை என்று நினைத்தேன்.

புதன்கிழமை நல்ல பாரைக் கூட்டம் வலையில் பட்டது. கரைக்கு இன்னும் பாதித் தூரம் இருக்கையில் வலையின் இரண்டு கயிறுகளில் வடக்குக் கயிற்றைப் பிடித்தவர்கள் இழுப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர்களின் தலையாள் பாண்டிருப்புச் சாமித்தம்பி, முதலாளி, காசு வேணாமெண்டு நாங்க சொல்லல்ல, ஆனா அந்தக் காசக் கொண்டுபோய் எங்க மீன் வாங்கிற, எல்லாத்தையும் லொறி ஏத்திப் போட்டுதே, புள்ளயளுக்குக் கறி என்ன என்று கேட்டார். நீரோட்டம் தெற்கே இழுக்கிறது, ஒரு பக்கம் நின்றால் வலை முறுகிக் கிழிந்துவிடும். சுனாமி எல்லாவற்றையும் கொண்டுபோன பிறகு உம்மாவின் நகையை விற்றுக் கட்டிய ஒரே வலை. அது போனால் நானும் யாரோ ஒருவரின் வலைக் கயிற்றைத்தான் இழுக்க வேண்டும். கோபம் வந்தது, ஆனால் அவர் கேட்டது நியாயம்தான். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு நானே வடக்குக் கயிற்றைப் பிடித்து, இழுங்க, கறிமீன் முதல், லொறி பிறகு என்று கத்தினேன். அவர்கள் இழுத்த இழுப்பை நீ பார்த்திருக்க வேண்டும்! வியாபாரி, பேச்சு மாறிட்டீங்க, லொறியத் திருப்புறன் என்று குதித்தான். திருப்பு என்றேன். வெயிலில் ஐஸ் உருகுகிறது, வெறும் லொறியோடு போக அவனுக்கென்ன பைத்தியமா? கறிமீன் பங்கிட்டு முடியும்வரை முறைத்துக்கொண்டு நின்று, மிச்சத்தை அதே விலைக்கு ஏற்றிக்கொண்டு போனான்!

வெள்ளிக்கிழமை சங்கத்தில் நானே சட்டம் கொண்டுவந்தேன். எந்த வலையானாலும் முதலில் இழுத்தவர்களுக்குக் கறிமீன், அடுத்து ஊர்ச் சந்தைக்குக் கூடைகள், அதன் பிறகே லொறி. அண்டைக்குச் சந்தையெண்டீங்க, இண்டைக்குச் சட்டமெண்டிறீங்க என்று சிலர் நக்கலடித்தார்கள். விலையைச் சந்தை சொல்லட்டும், வரிசையை நாம் சொல்லுவோம் என்றேன். ஒருவர்கூட எதிர்க்கவில்லை! இதற்கு உங்கள் படிப்பில் என்ன பெயர் என்று கேட்டு எழுது.

நோன்பு நெருங்குகிறது, விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பாமல் நோன்பு பிடித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அல்லாஹ் உனக்கும் மருமகனுக்கும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் ஸாலிஹான நல்ல பிள்ளைகளையும் தருவானாக. இதைக் கொண்டுவருகிறவர் அடுத்த கிழமைதான் புறப்படுகிறார், அதற்குள் காய்ந்துவிடும் என்று பாரைக் கருவாடும் போட்டு அனுப்புகிறேன். அதற்காக நேற்று என் வலையிலிருந்தே ஒரு மீனை எடுக்கக் கை நீட்டினேன். சாமித்தம்பி சந்தைக்குரிய கூடையை அந்தப் பக்கம் இழுத்து, சட்டம் முதலாளி, சந்தைக்குப் போங்க என்றார். கரையே சிரித்தது. என் மீனை நானே சந்தையில் முண்டியடித்து, நான் ஏற்றிவிட்ட விலைக்கே வாங்கி வந்தேன். ஒரு துண்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிடு.

உன் வாப்பா,
அப்துல் ஸமட்