தானப் படகும் தலைகீழ் சீலும்

மார்ச் 3

இன்றும் படகு நகரவில்லை. வெளிநாடு ஒன்று நம் கடற்படைக்கு இலவசமாகக் கொடுத்த ரோந்துப் படகு. ஒப்படைத்த அன்று பேண்டு என்ன, மாலை என்ன, அமைச்சர் பேச்சு என்ன! மூன்றே மாதத்தில் துறையில் சும்மா நிற்கிறது. கோளாறு எஞ்சினில் இல்லை, அதை இயக்கும் மின்பெட்டியில். அந்தப் பெட்டியில்தான் நீல சீல் ஒட்டியிருக்கிறார்கள். அவர்கள் ஆள் வராமல் யாரும் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தமாம். ஆள் வர நாற்பது நாள்.

பதினாறு வருஷமாக எஞ்சினோடு மாரடிக்கிறேன், எனக்கே இந்தக் கதி. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். மாட்டுக்கே பல்வலி வந்தால்?

மார்ச் 9

கடிதம் போட்டாயிற்று. நினைவூட்டலும் போட்டாயிற்று. கிணற்றில் போட்ட கல்.

மார்ச் 14

வீட்டுக்கு வந்து இப்போதுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மதியம் திடீரென்று காற்று. மீன்பிடிக்கப் போன ஏழு பேர் எஞ்சின் நின்று அலையில் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் பழைய படகைப் பழுதுபார்க்கக் கரையேற்றியிருக்கிறார்கள். மிச்சம் இந்த ஒன்றுதான். கேப்டன் சீலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயே திறக்கவில்லை. திறந்தால் உத்தரவாகிவிடுமே!

“நான் திறக்கிறேன் சார்” என்றேன்.

பிளேடால் சீலைக் கிழியாமல் உரித்து எடுத்தேன். உள்ளே ஒரு பிளக்கின் ஊசிகள் உப்புக்காற்றில் பச்சைபிடித்துக் கிடந்தன. இவ்வளவுதானா! என் பையில் மகளுடைய ரப்பர் கிடந்தது, காலை அவசரத்தில் என் சாமான்களோடு தவறுதலாக அள்ளிப் போட்டது. அதை வைத்தே ஒவ்வொரு ஊசியாகத் தேய்த்தேன். மூன்றாவது முறை எஞ்சின் பிடித்துக்கொண்டது.

இருட்டுவதற்குள் ஏழு பேரும் கரைக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

மார்ச் 15

கேப்டன் ஒப்பந்தத்தின் நகலைக் காட்டினார். சீல் உடைந்தால் அவர்கள் தருவதாகச் சொன்ன இரண்டாவது படகு வராது. உடைத்தவர் வேலையில் இருக்க முடியாது. இவ்வளவு நீளக் கரைக்கு ஒரே ஒரு நல்ல படகா? அதுவும் என்னாலா?

“நல்லது பண்ணிட்டு ஏன் திருடி மாதிரி முழிக்கிற?” என்கிறார் வீட்டுக்காரர். பஸ் ஓட்டுகிறவர். அவருக்கென்ன, பஸ்ஸுக்கு சீலா வைத்திருக்கிறார்கள்?

மார்ச் 23

படகு கொடுத்தவர்களின் சோதனைக் குழு முப்பதாம் தேதி வருகிறது.

உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரர் சொன்னார்: “உரிச்ச சீல் பத்திரமாத்தானே இருக்கு? பசை போட்டு ஒட்டிடும்மா. யாருக்குத் தெரியப்போவுது?”

ஒட்டிவிட்டேன். புத்தி எங்கே போச்சு எனக்கு? ஏழு உயிரைக் காப்பாற்றின வேலையைத் திருட்டு வேலை ஆக்கிவிட்டேனே. திரும்ப உரித்தால் கிழிந்துவிடும். ச்சீ.

மார்ச் 30

வந்தார்கள். மூன்று பேர்: பட்டியலோடு ஒரு அதிகாரி, நகக்கண்ணில் கிரீஸ் ஏறிய ஒரு மெக்கானிக், ஒரு மொழிபெயர்ப்பாளர். துப்பாக்கி சரி, ரேடியோ சரி, மிதவை அங்கி சரி. கடைசியில் மின்பெட்டி.

மெக்கானிக் பெட்டி முன்னால் நின்று கழுத்தைச் சாய்த்தார். இன்னும் சாய்த்தார். பார்த்தால் அதிகாரியும் மொழிபெயர்ப்பாளரும் சாய்க்கிறார்கள். என்னடா இது, மூணு பேருக்கும் ஒரே நேரத்துல கழுத்து சுளுக்கிக்கிச்சா? மொழிபெயர்ப்பாளர் மெதுவாக என்னிடம் சொன்னார்: “மேடம், சீல் தலைகீழா இருக்கு.”

சீலில் இருக்கும் அவர்கள் மொழி எழுத்து எனக்கு என்ன தெரியும்? தலையும் ஒன்றுதான், வாலும் ஒன்றுதான். பொய் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. திறந்தது, தேய்த்தது, ஒட்டினது எல்லாம் கொட்டிவிட்டேன். ஸ்டோர்காரர் பெயரை மட்டும் எடுக்கவில்லை. அப்போது கேப்டன் முன்னால் வந்தார்.

“என் கண் முன்னாடிதான் திறந்தாங்க. நான் தடுக்கல. பொறுப்பு என்னோடது.”

அன்றைக்குத் திறக்காத வாய்! அவரைப் பற்றி எழுதினதற்கு மன்னிப்பு.

மெக்கானிக் பெட்டியைத் திறந்து பிளக்கை வெகுநேரம் பார்த்தார். எதனால் தேய்த்தாய் என்று கேட்டார். பையிலேயே மறந்து கிடந்த ரப்பரைக் கொடுத்தேன். ஒரு பக்கம் கருத்து, தேய்ந்து, மகள் பல் பதிந்த ரப்பர். படம் எடுத்தார். அப்புறம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார். சாட்சிப் பொருள் போலிருக்கிறது. அதிகாரி சிரிக்கவே இல்லை. “அறிக்கை வரும்” என்றார்.

ஏப்ரல் 2

“என் ரப்பர் எங்கம்மா?” தினமும் இதே கேள்வி. வேலை போகப்போகிறது, இவளுக்கு ரப்பர்.

ஏப்ரல் 6

ஒன்றும் வரவில்லை. சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 11

வந்துவிட்டது!

கேப்டன் அறையில் நின்றபடியே படித்தேன். பிளக் உப்புக்காற்றுக்குத் தாங்காத ரகமாம், தவறு அவர்களுடையதாம், கொடுத்த எல்லாப் படகிலும் மாற்றுகிறார்களாம். இரண்டாவது படகு வருகிறது. இனி அவசரத்துக்கு நாமே திறக்கலாம், பதிவேட்டில் எழுதினால் போதும். கடைசி வரி எனக்கு: சீலை ஒட்டி மறைத்ததற்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. அது நியாயம்தான். இவ்வளவு சந்தோஷமாக யாரும் எச்சரிக்கை வாங்கியிருக்க மாட்டார்கள்.

அப்பாடா. அப்பாடா. இன்னொரு தடவை, அப்பாடா.

ஜூன் 19

இரண்டாவது படகு வந்தது. பேண்டு ஓய்ந்ததும் நேரே மின்பெட்டிக்குப் போனேன். சீல் இல்லை. திறந்தால் புது ரகப் பிளக், மூடியின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டிய சின்னப் பொட்டலம். பிரித்தேன். புத்தம் புது ரப்பர்.

வீட்டுக்கு வந்து மகளிடம் கொடுத்தேன். மோந்து பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு. என்னோடது எங்க?”

நான் வாய் திறப்பதற்குள் வீட்டுக்காரர் சொன்னார்: “அதுவா? நம்ம நாடு அவங்களுக்குப் பண்ணின ராணுவ உதவிம்மா அது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது.”

சிரித்தேன் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். சிரிப்பு நின்ற பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. மகள் பயந்து போய்ப் புது ரப்பரை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.