உங்கள் படம் டிவியில் போட்டார்கள்

விஸ்வநத்தம்,
ஏப்ரல் 20.

எழில் அப்பாவுக்கு,

எழில் அம்மா எழுதுவது. இங்கே நான், எழில், அத்தை மூவரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் எட்டு மணி சீரியலுக்கு மட்டும் கால் தானாக நடந்து டிவி முன்னால் வந்துவிடுகிறது. மதுரை ஜெயிலில் வெயில் தாங்க முடிகிறதா? போன தடவை மனு போட்டுப் பார்க்க வந்தபோது கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இருபது பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தோம். நீங்கள் சொன்னதில் எனக்குக் காதில் விழுந்தது ஒன்றுதான். "படத்த டிவில போட்டா முழுசாப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு எழுது."

சித்திரை ஒன்றாம் தேதி போட்டார்கள். முழுசாகப் பார்த்தேன். எழுதுகிறேன், கோபப்படக் கூடாது.

முதல் பாதி நன்றாகத்தான் இருக்கிறது. கொட்டுகிற மழையில், நீங்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற கதாநாயகன், உங்கள் ஆள், குடை பிடித்துக்கொண்டு மார்க்கெட்டுக்குள் நடந்து வருகிற இடத்தில் எனக்கே புல்லரித்தது. இடைவேளைக்குப் பிறகு கதை படுத்துவிட்டது. கதாநாயகி இரண்டு பாட்டுக்கும் ஒரு அழுகைக்கும் வருகிறாள், அப்புறம் அவள் எங்கே போனாள் என்று டைரக்டருக்கே ஞாபகம் இல்லை. வில்லனுக்கு வாய் ஒரு பக்கம் போகிறது, குரல் ஒரு பக்கம் போகிறது. பேச்சு கேட்கவில்லை என்று அத்தை ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டக் கூட்ட, மியூசிக்தான் கூடியது. என்னைக் கேட்டால் பத்துக்கு நாலரை. உங்கள் ஆளுக்காக அரை சேர்த்திருக்கிறேன்.

சண்டைகளை மட்டும் எண்ணிக்கொண்டே பார்த்தேன். சம்மட்டி, அரிவாள், சைக்கிள் செயின் என்று உங்கள் ஆள் நாற்பத்தாறு பேரை அடித்துக் கொல்கிறார். அடி வாங்கியவன் காற்றில் பறந்து போய்த் தக்காளி வண்டிமேல் விழுகிறான். அத்தோடு அவன் கதை முடிந்துவிடுகிறது. அவனைத் தேடி யாரும் வருவதில்லை.

தீபாவளியன்று இந்தப் படம் வெளியான காலையில்தான் தியேட்டர் வாசலில் பாலகுரு அடிபட்டான். பதினோரு நாள் கண் திறக்காமல் கிடந்து செத்தான். அதற்காகத்தான் நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள். ஐந்தரை மாதத்தில் நாம் இரண்டு பேரும் இதை ஒரு தடவைகூட வாய்விட்டுப் பேசவில்லை. இன்றைக்குப் பேசிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை அங்கே பிரித்துப் படித்துவிட்டுத்தான் உங்களிடம் தருவார்கள் என்று தெரியும். படிக்கட்டும்.

முதலில் எழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படம் முடிந்த மறுநாள் தெருவில் ஒரே அழுகைச் சத்தம். வெளியே போய்ப் பார்த்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளை சனா நெற்றியில் ரத்தம். எதிரே நம் மகள் விளக்குமாற்றுக் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, உங்கள் ஆள் நடக்கிற மாதிரியே மெதுவாக நடக்கிறாள். சுற்றி நின்ற பெரிய ஆட்கள் சிரிக்கிறார்கள். "ராக்கப்பன் மகள்ல, அப்படித்தான் இருப்பா" என்று ஒருத்தர் சொன்னார். நான் எழிலை முதுகில் அறைந்தேன். அறைந்துகொண்டே அடிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது என்று கத்தினேன். ஆறு வயசுப் பிள்ளைக்கு அது எப்படி விளங்கும்? சனாவுக்கு நெற்றியில் இரண்டு தையல். அவள் அம்மா சம்சாத் அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வக்கீல் லட்சுமிகாந்தம் போன வாரம் வீட்டுக்கு வந்தார். கேஸ் நமக்குச் சாதகமாகப் போகிறதாம். செல்போனில் எடுத்த வீடியோவில் அடிக்கிற ஆளின் முதுகுதான் தெரிகிறதாம். உங்கள் ஆள் முகம் போட்ட பனியனை அன்றைக்கு நாற்பது பேர் போட்டிருந்தார்கள், எந்த முதுகு யார் முதுகு என்று யாராலும் சொல்ல முடியாதாம். நான் கூண்டில் ஏறி ஒன்றே ஒன்று சொன்னால் போதுமாம். தீபாவளியன்று காலை ஒன்பது மணிக்கு நீங்கள் ஆனைக்குட்டத்தில் என் அம்மா வீட்டில், என்னோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று. "நீ அங்கனதானம்மா இருந்த? அவரையும் சேத்துக்கிட வேண்டியதுதான்" என்றார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

எழில் அப்பா, அன்றைக்கு நான் ஆனைக்குட்டத்தில் இல்லை.

உங்களிடம் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னது நிஜம். எழிலை அம்மாவிடம் விட்டுவிட்டு, என்னோடு வேலை பார்க்கிற சண்முகத்தாயோடு பஸ் ஏறிச் சிவகாசிக்கு வந்தேன். அதே தியேட்டரில் பக்கத்து ஸ்கிரீனில் பாலகுருவின் ஆள் படம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே எனக்கு அந்த நடிகரைத்தான் பிடிக்கும். உங்கள் வீட்டில் அதைச் சொல்ல முடியுமா? ஏழு வருஷமாகச் சொல்லவில்லை. பெண்கள் வரிசையில், வாசலுக்கு இருபதடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

பாலகுரு ஆட்கள் சரவெடி வைத்தார்கள். பொறி பறந்து உங்கள் ஃப்ளெக்ஸில் பற்றியது. வேண்டுமென்று வைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. உங்கள் ஆள் முகம் தாடையிலிருந்து மேலே சுருங்கிச் சுருங்கி எரிந்தது. எல்லாரும் ஓடினார்கள். நீங்கள் ஓடவில்லை. ஃப்ளெக்ஸுக்கு முட்டுக் கொடுத்திருந்த இரும்புக் குழாயை உருவினீர்கள்.

முதல் அடி பாலகுருவின் தோளில். அவன் உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, "ராக்கண்ணே, வேணாம்ணே, நாந்தாண்ணே" என்றான். உங்களோடு சேர்ந்து மூன்று சீசன் பட்டாசு லோடு ஏற்றினவன், ஆளைத் தெரியாமல் அடிக்கிறீர்கள் என்று நினைத்திருக்கிறான். இரண்டாவது அடியில் அவன் விரல்கள் முறிந்தன. மூன்றாவது அடி தலையில். தியேட்டரில் அடி விழுந்தால் நெஞ்சு அதிருமே, அப்படியெல்லாம் இல்லை. ஈரத்துணியைக் கல்லில் போட்ட மாதிரிதான் கேட்டது. காதிலிருந்து ரத்தம் வந்தது. கால் மட்டும் தனியாக இழுத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகும் ஒரு தடவை ஓங்கினீர்கள். யாரோ பின்னாலிருந்து உங்களைக் கட்டிப்பிடித்தார்கள். திரும்பினீர்கள். உங்கள் முகத்தை நான் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. சண்முகத்தாய் என் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள்.

இதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றுதான் இருந்தேன். நீங்கள் என் புருஷன். வலைக்கு அந்தப் பக்கம் மெலிந்துபோய் நிற்கிறீர்கள். பொய்தானே, ஒரு தடவை சொன்னால் என்ன என்று பலநாள் யோசித்தேன். கூண்டில் எப்படி நிற்பது என்று சீரியல் பார்த்துப் பழகக்கூடச் செய்தேன்.

பாலகுரு பெண்சாதி சின்னத்தாய் பொங்கல் கழித்து எங்கள் பட்டாசுக் கம்பெனிக்கே வேலைக்கு வந்துவிட்டாள். ஒரே வேனில்தான் போகிறோம். அவள் முன் சீட்டு, நான் கடைசி சீட்டு. போன வியாழக்கிழமை டிரைவர் நினைவில்லாமல் உங்கள் படத்துப் பாட்டைப் போட்டுவிட்டார். சின்னத்தாய் முன் சீட்டிலிருந்து எழுந்தாள். தூக்குச்சட்டியை எடுத்து ஸ்பீக்கரில் அடித்தாள். உடைகிறவரை அடித்தாள். சோறும் குழம்பும் எல்லார் மேலும் தெறித்தது. அவள் கையும் கிழிந்தது. வேன் நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை. நான்தான் போய்க் குனிந்து சோற்றை அள்ளினேன்.

"விடுங்கக்கா, நான் கூட்டிக்கிடுதேன்" என்றாள். அவள் என்னை அக்கா என்றது அதுதான் முதல் தடவை. பிறகு மெதுவாக, "நீங்க அங்கன நின்னீகளாமே. சண்முகத்தாய் மதினி சொன்னாக. எங்க வீட்டு ஆளு கடைசியா ஏதும் பேசுச்சாக்கா? ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தகூடப் பேசலக்கா" என்று கேட்டாள்.

சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். மண்ணை வாரித் தூற்றியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பேன். அவள் அவன் பேசிய ஒரு வார்த்தையைத்தான் கேட்டாள். சொல்லிவிட்டேன். அவன் சொன்னதை அப்படியே, உங்கள் பேரோடு சேர்த்துச் சொல்லிவிட்டேன். வேனில் இருந்த பதினாலு பேரும் கேட்டார்கள்.

வக்கீலிடம் நான் கூண்டில் ஏறிப் பொய் சொல்ல மாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது. கோபமாகப் போனார். அத்தை என்னோடு பேசுவதில்லை, என் கையால் வாங்கிச் சாப்பிடுவதுமில்லை. சின்னத்தாய் பக்கம் வாதாடுகிற அரசாங்க வக்கீல் என்னைச் சாட்சியாகக் கூப்பிடப் போகிறார் என்று நேற்றுச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வாய்தா ஜூன் நாலாம் தேதி, திருவில்லிபுத்தூர் கோர்ட்டில். உங்களை ஒன்று கேட்கிறேன். கல்யாணமாகி இன்றுவரை பெரிதாக எதையும் கேட்டதில்லை. என் பேரைக் கூப்பிடுவதற்கு முன்னால் நீங்களே எழுந்து சொல்லிவிடுங்கள். கோபத்தில் செய்துவிட்டேன், நான்தான் செய்தேன் என்று உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். எத்தனை வருஷம் போட்டாலும் மாசம் தவறாமல் எழிலைக் கூட்டிக்கொண்டு வந்து அந்த வலை முன்னால் நிற்பேன். அவள் என்னிடம் அப்பா என்ன செய்தார் என்று கேட்கிற நாளில், செய்ததைச் சொல்வதோடு நிறுத்தாமல், அப்புறம் அவரே ஒத்துக்கொண்டார் என்றும் சொல்ல எனக்கு வழி விடுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வேர்க்குரு வந்தால் சொறியாதீர்கள். தெய்வம் உங்களுக்கு நாக்கில் பலத்தைக் கொடுக்கட்டும்.

என்றும் உங்கள் மனைவி,
பாண்டிச்செல்வி