குறைந்தபட்சத் தேவை: இரண்டு பேர்

உம்முடைய கணினிப் பெட்டியை இன்று மத்தியானம்தான் போட்டுப் பார்த்தேன். விசிறி இரண்டு தரம் முக்கிவிட்டு மூன்றாவது தரம் சுற்ற ஆரம்பித்ததும் ஒரு வாசனை வந்தது. சூடேறிய தூசி, அதோடு லேசாகச் சந்தனம். ஆயுத பூசைக்கு நீர் வைத்த பொட்டு பெட்டியின் முகப்பில் இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் உம் வீட்டு மாடி அறைக்குள் நுழைந்ததும் வருமே, அதே வாசனை. என் வீட்டுக்காரி பேத்தியைப் பார்த்துக்கொள்ள மகளோடு பூனாவில் இருக்கிறாள். இங்கே ஒரு வார்த்தை பேச ஆளில்லை. அதனால் உம்மிடமே பேசுகிறேன்.

நாம் சிநேகிதமானதே ரயிலில்தான். உமக்கு ஸ்ரீவைகுண்டத்தில் பள்ளிக்கூட அலுவலக வேலை, எனக்கு அங்கேயே தாலுகா அலுவலகம். காலையில் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் பாசஞ்சரில் போய், சாயங்காலம் அதே வண்டியில் திரும்புவோம். ஸ்ரீவைகுண்டம் பிளாட்பாரத்தில் நிற்கும்போது தினமும் என்னிடம் ஒன்று கேட்பீர்.

"என்னவே, போட்டுட்டானா?"

சிக்னல் விளக்கு மாறிவிட்டதா என்று அர்த்தம். அதைக் கேட்கும்போது உம் முகம் சிக்னலைப் பார்த்தபடிதான் இருக்கும். பார்த்துக்கொண்டே கேட்கிறாரே, பேச்சுக்கு ஒரு சாக்கு என்று நினைத்துக்கொள்வேன். "போட்டாச்சு, போட்டாச்சு" என்பேன்.

ஓய்வு பெற்ற பிறகு பள்ளிக்கூடத்தில் கழித்துக்கட்டிய கணினி ஒன்றை நீர் வீட்டுக்குத் தூக்கி வந்தீர். அதில் ரயில் ஓட்டுகிற விளையாட்டு ஒன்றைப் போட்டதை எனக்கு ஒரு வாரம் சொல்லவே இல்லை. வயதான காலத்தில் விளையாட்டா என்று நான் சிரிப்பேன் என்று பயந்திருப்பீர். சிரிக்கத்தான் செய்தேன். ஆனால் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டேன். அந்த விளையாட்டில் பாதையை நாமே போட்டுக்கொள்ளலாம் என்பதைக் கண்டுபிடித்து, திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து திருச்செந்தூர் வரை ஒவ்வொரு தண்டவாளமாக வைத்துக்கொண்டிருந்தீர். ஆற்றுப் பாலம் வந்தது. செய்துங்கநல்லூர் வந்தது. ஸ்ரீவைகுண்டத்து வாழைத் தோட்டங்களை வைக்க மட்டும் உமக்கு ஒரு மாதம் ஆயிற்று, ஏனென்றால் அந்த விளையாட்டைச் செய்தவன் வாழையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஏதோ ஒரு வெளிநாட்டுச் செடியைப் பெரிதாக்கி, இலையை நீட்டி, ஒரு மாதிரி வாழையாக்கிவிட்டீர்.

ஒன்றில் மட்டும் எனக்குக் குறை. வழி நெடுக நீர் நட்டிருந்த சிக்னல் எல்லாம் பழைய கைகாட்டி மரங்கள். கை இறங்கினால் போகலாம், நீட்டி நின்றால் நிற்க வேண்டும்.

"கைகாட்டியெல்லாம் எப்பவோ புடுங்கிப் போட்டாச்சு வே. லைட்டு வந்து எத்தன வருசம் ஆச்சு? இது ஒரு ரயில்பாதையா?" என்று வாராவாரம் நச்சரித்தேன்.

"கைகாட்டி இருந்தா என்ன, வண்டி ஓடுதுல்லா" என்று மழுப்பிப் பார்த்தீர். நான் விடவில்லை. எனக்கு ஒன்று பிடித்துக்கொண்டால் விடத் தெரியாது, உமக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் ஜங்ஷனிலிருந்து கடைசி வரை அத்தனையையும் மாற்றி விளக்குச் சிக்னலாக்கி வைத்திருந்தீர். அன்றைக்குத்தான் அந்தச் சட்டத்தையும் கொண்டுவந்தீர்.

"எஞ்சின்ல ரெண்டு ஆளு உண்டும் வே. ஒருத்தன் சிக்னலப் பாத்து என்ன நிறம்னு சத்தமாச் சொல்லணும். ஓட்டுதவன் அதத் திருப்பிச் சொல்லணும். திருப்பிச் சொல்லாம வண்டி நவுரப்படாது. நீரு சொல்லும், நான் ஓட்டுதேன்."

உண்மையான எஞ்சினில் அப்படித்தான் வழக்கம் என்றீர். எனக்கும் அது பிடித்துப் போயிற்று. நான் "பச்சை" என்பேன். நீர் "பச்சை" என்பீர். "மஞ்சள்" என்றால் "மஞ்சள்". மாடியில் இரண்டு கிழவர்கள் நிறங்களைக் கூவிக்கொண்டிருப்பதைக் கேட்டு உம் வீட்டு மதினி கீழேயிருந்து, "என்ன, சாயப்பட்டறையா நடத்துதிய?" என்று கேட்பார். அப்படி ஓட்டிய இரண்டு வருடங்களில் நான் ஒரு சிக்னலைக்கூடத் தப்பாகச் சொன்னதில்லை.

பிறகு புதியது வந்தது. மகள் எனக்குப் பெரிய கணினி ஒன்று வாங்கி அனுப்பினாள். உம் விளையாட்டுக்குப் போட்டியாக வந்திருந்த இன்னொரு ரயில் விளையாட்டை நான் அதில் போட நினைத்தேன். அதற்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் இருந்ததை உமக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். பதினாறு ஜிபி நினைவகம், தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு, நூறு ஜிபி காலியிடம்.

"நெனைவுக்கே பதினாறு கேக்கானா? எனக்கே அவ்வளவு கெடையாதே" என்றீர்.

குறைந்தபட்சம் என்று ஒரு வரிசையும் பரிந்துரை என்று ஒரு வரிசையும் இருக்கிறதே, என்ன வித்தியாசம் என்று நான் கேட்டேன். "கொறஞ்சபட்சம்னா வண்டி ஓடும். பரிந்துரைன்னா வெளிய மரம் ஆடும்" என்றீர். அதற்கு மேல் அதை யாரும் விளக்கிவிட முடியாது. கொஞ்சம் விட்டு, "ஆளு எத்தனன்னு போடலியே வே? நம்ம வண்டிக்குக் கொறஞ்சபட்சம் ரெண்டு பேருல்லா" என்றும் கேட்டீர். நான் அதற்கும் சிரித்தேன்.

அதிலிருந்து உம்முடையதற்குப் 'பழையது' என்றும் என்னுடையதற்குப் 'பிரியாணி' என்றும் பெயராகிவிட்டது. பிரியாணியில் மழை பெய்தால் கண்ணாடியில் துளி வழியும். மரம் ஆடும். ஆனால் பாதையெல்லாம் சீமைப் பாதை. "பனமரம் இல்லாத ஊர்ல எதுக்குவே வண்டி ஓட்டணும்? எனக்குப் பழையதுதான் செமிக்கும்" என்று நீர் பிடி கொடுக்காமலே இருந்தீர். நான்தான் வம்புக்கு இழுத்தேன். பூனாவிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய சிநேகிதர்களும் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை உம்மை என் வீட்டுக்கு வரச்சொல்லி, "எங்க அண்ணாச்சி ஓட்டுறதைப் பாருங்க" என்று நாற்காலியில் பிடித்து உட்கார வைத்தேன்.

நீர் என் கையைப் பிடித்து, "நீரும் பக்கத்துல இரும் வே" என்றீர்.

"இதுக்கெல்லாம் ஆளு வேண்டாம். மூலையில பொட்டா எரியும் பாரும், அதான் சிக்னல்" என்று சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனேன். தட்டோடு திரும்பி வந்தபோது திரை முழுக்க எச்சரிக்கை. சிவப்பைத் தாண்டிவிட்டீர். ரயில்காரர்களுக்கு அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. நான் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

"ஏன்வே, செவப்பு கண்ணுக்குத் தெரியலையா? நீரு மட்டும் எஞ்சின் ஓட்டியிருந்தா ஊரே காலியாயிருக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நீரும் சிரித்தீர் என்றுதான் நினைக்கிறேன். மவுசை அதன் இடத்தில் வைத்துவிட்டு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டீர். "பைய வாரேன்" என்றீர். காப்பி ஆறிப்போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீர் கூப்பிடுவீர் என்று இருந்தேன். கூப்பிடவில்லை. ஒரு விளையாட்டுக்கு இத்தனை ரோஷமா என்று எனக்கும் வீம்பு வந்தது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்கு ஐந்து மாதம் நான் போகவில்லை. நான் பூனாவில் மகள் வீட்டில் இருக்கும்போதுதான் நெஞ்சுவலியில் நீர் போய்விட்ட சேதி வந்தது. உம் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. பதினாறாம் நாளுக்குத்தான் வந்து சேர்ந்தேன்.

எல்லோரும் போன பிறகு மதினி இந்தப் பெட்டியைக் காட்டினார். "இத இங்கன வச்சு நான் என்ன செய்ய அண்ணாச்சி? நீங்க கொண்டு போங்க. கடசி வரைக்கும் இதத்தான் நோண்டிக்கிட்டு இருந்தாவ."

எனக்குத் தாங்கவில்லை. "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது மதினி. செவப்பு தெரியலையான்னு எல்லார் முன்னாலயும் கேட்டுட்டேன்" என்றேன்.

மதினி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவுகளுக்குத் தெரியாதுல்லா. ரயில்வேக்குப் பரிச்ச எழுதி எல்லாத்துலயும் தேறி, கண்ணு பாக்குத எடத்துல கழிச்சிட்டாங்க. பச்சையும் செவப்பும் அவுகளுக்கு ஒண்ணுபோலத்தான் இருக்கும். ஒங்ககிட்ட சொன்னதில்லையா?"

சொன்னதில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் ஒரு நாள் சொன்னதில்லை. ஏன்வே, சொல்லித் தொலைத்திருக்கலாமே? நான் அப்படி என்ன நினைத்துவிடப் போகிறேன்? ஆனால் யோசித்தால் நீர் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தீர். பிளாட்பாரத்தில் சிக்னலைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டீரே, அது பேச்சுக்குச் சாக்கு இல்லை. கைகாட்டி மரத்துக்கு நிறம் தெரிய வேண்டாம், கை தெரிந்தால் போதும். நீர் தனியாக ஓட்ட முடிந்த பாதை அது ஒன்றுதான். நான் நச்சரித்ததால் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, என் கண்ணை நம்பி விளக்குகளை வைத்தீர். அந்தக் கண்ணை எடுத்துக்கொண்டு நான் காப்பி போடப் போய்விட்டேன்.

பெட்டியைக் கொண்டுவந்து இத்தனை நாளும் துணி போட்டு மூடி வைத்திருந்தேன். போன வாரம் உம் பாதையை மட்டும் என் கணினிக்கு மாற்றிப் பார்த்தேன். எந்தப் பட்டியலைக் காட்டினாலும் அதற்கு மேலேயே நிற்கிற கணினி அது. பழையது அதில் ஓடவில்லை. அதனால்தான் இன்று உம் பெட்டியையே போட்டேன். நீர் கடைசியாக நிறுத்தி வைத்த ஓட்டம் அப்படியே இருந்தது. அதைத் திறப்பதற்கு முன்னால் ஜங்ஷனிலிருந்து பாதையை ஒரு தரம் பார்த்து வந்தேன்.

பாலம் தாண்டியதும் பார்த்தேன், கைகாட்டி மரம். பாளையங்கோட்டையில் கைகாட்டி. செய்துங்கநல்லூரிலும் கைகாட்டி. விளக்கையெல்லாம் எடுத்துவிட்டுப் பழையபடி ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டு வந்திருக்கிறீர். நான் வராத அந்த ஐந்து மாதமும் செய்த வேலை அதுதான் போலிருக்கிறது. ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் வந்திருக்கிறீர். அதற்கு அப்பால் திருச்செந்தூர் வரை நீர் எனக்காக வைத்த விளக்குகள் அப்படியே இருக்கின்றன. துணைக்கு ஆள் இல்லாமல் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போயிருக்கிறீர்.

எனக்கு இப்போது ஒரு பழக்கம் வந்துவிட்டது. நம்மூர் வண்ணாரப்பேட்டை சிக்னலில் ஸ்கூட்டரில் நிற்கும்போது விளக்கு மாறினால் வாய்விட்டு "பச்சை" என்று சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பின்னால் ஹாரன் அடிக்கும் வரை ஒரு நொடி காத்திருந்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

நீர் நிறுத்தி வைத்த ஓட்டம் இப்போது என் முன்னால் திறந்திருக்கிறது. வண்டி ஸ்ரீவைகுண்டம் பிளாட்பாரத்தில் நிற்கிறது, நாம் தினமும் நின்ற அதே இடம். அந்தப் பக்கம் உம்முடைய வாழைத் தோட்டம். முன்னால் முதல் விளக்கு எரிகிறது. போட்டுட்டானா என்று கேட்கிறீர் இல்லையா? போட்டாச்சு வே. நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன், பச்சை. நீர் திருப்பிச் சொல்லாமல் வண்டியை எடுக்கக்கூடாது. இன்னும் எடுக்கவில்லை.