இரண்டு முறை ராங் நம்பர்

மார்ச் 6

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

நீங்கள் அழைத்தபோது நான் ஆத்திரத்தில் போனைத் துண்டித்ததாக உங்கள் நர்ஸ் சொல்கிறாராம். தவறு. இரண்டு முறையும் "ராங் நம்பர்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். கான்வென்ட்டில் படித்தவள், மரியாதையில் குறை வைக்க மாட்டேன்.

என் தங்கை மகள் ஸ்கூட்டரோடு சுவரில் மோதி, தோள் எலும்பு முறிந்து உங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தாள். காலையிலிருந்து மாலை ஐந்து வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். "வழுக்கிடுச்சு பெரியம்மா" என்றாள். நம்பினேன். பிறகு நீங்கள் வந்து திரையை இழுத்துவிட்டீர்கள். இருபதே நிமிடம். வேண்டுமென்றேதான் பிரேக்கைப் பிடிக்கவில்லை என்று உங்களிடம் சொன்னாள். திரை மெல்லியது, எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

தாயில்லாத பிள்ளையைப் பன்னிரண்டு வருடம் வளர்த்தவளுக்குப் பொய், முன்பின் தெரியாத உங்களுக்கு உண்மை. இதில் என்ன நியாயம்?

இப்படிக்கு,
அவளுடைய பெரியம்மா


மார்ச் 9

அன்புள்ள அம்மா,

அடிபட்டு வரும் இளம் வயதினர் எல்லோரிடமும் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்பதும், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் சேர்த்துவிடுவதும்தான் என் வேலை.

இன்று கட்டு மாற்ற வந்தாள். அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "பெரியம்மா அழுது நான் பார்த்ததே இல்ல மேடம். என்னால அழுதுட்டாங்கன்னா?" என்றாள்.

வியாழன் பத்து மணிக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். படிவத்தில் கூட வருபவர் யார் என்ற இடத்தில், அடிபட்டு வந்த அன்றே, அவள் கையாலேயே "பெரியம்மா" என்று எழுதினாள். அதைச் சொல்லத்தான் இரண்டு முறை அழைத்தேன்.

அன்புடன்,
ஆலோசகர்


மார்ச் 12

ஆலோசகர் அவர்களுக்கு,

ஒன்பதரைக்கே போய்விட்டோம். என்னை வெளியே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உள்ளே அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. வீட்டில் அவள் சிரித்து மாதக்கணக்காகிறது. வயிறு எரிந்தது, உங்களிடம் மறைப்பானேன்?

திரும்பும்போது பஸ்ஸில், "நேரா உட்காரு" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. "வலிக்குதா?" என்றேன்.

"தோளா பெரியம்மா?"

"தோள் இல்ல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு மூன்று நிறுத்தம் வரை பேசிக்கொண்டே வந்தாள். என்ன பேசினாள் என்று உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அது எனக்குச் சொன்னது.

நான் அழுதேன். அவளும் பார்த்தாள். கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

ஆனால் அடுத்த முறை அவள் பேசும்போது நான் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும். போனில் வேண்டாம். தயவுசெய்து கடிதமாகப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பெரியம்மா