மூக்கம்மாளின் ஓட்டு

1973 ஜனவரி 9, செவ்வாய்

மலையாள எல்லைக்குள் இருக்கும் சித்தூர் கல்லூரியில் பி.ஏ. முடித்து எட்டு மாதம். மாமா பொங்கியண்ணனின் கிணற்றிலிருந்து வரும் தண்ணீரை எங்கள் ஒன்றரை ஏக்கருக்குத் திருப்பிவிடுவதுதான் இப்போதைக்கு என் உத்தியோகம்.

சாயங்காலம் ஷுக்கூர் ராவுத்தரின் டூரிங் கொட்டகையில் ரசிகர் மன்றக் கூட்டம். போன வருடம் இங்கே ஓடிய படங்களில் எது சிறந்தது என்று ஓட்டெடுக்கப் போகிறோம். ஜெயிக்கிற படத்தை ராவுத்தர் ஒருநாள் இலவசமாகக் காட்டுவார். யோசனை என்னுடையது. தலைவர் பதவி மாமா மகன் ஆறுச்சாமியுடையது. நிலம் இருப்பவன்தானே எதற்கும் தலைவன்.

அவனுக்கு 'மாளிகைக் காவலன்'. நாயகன் ஒரே உதையில் பதினோரு பேரைக் குளத்தில் தள்ளுவானே, அது. எனக்கு 'எட்டாவது மடை'. கடைமடைக்குத் தண்ணீர் விடாத பண்ணையாரை ஒரு கூலிக்காரன் எதிர்த்து நிற்கிற கதை. பாட்டு கிடையாது, மூன்றே நாள் ஓடியது.

தரை டிக்கெட்டுக்காரர்களுக்கும் ஓட்டு வேண்டும் என்றேன். சிரித்தார்கள்.

"கையெழுத்துத் தெரியாதவனுக்கெல்லாம் என்ன மாப்ள ஓட்டு? வெளியில கட்டியிருக்கற எருமையையும் கூப்புடலாமா?" என்றான் ஆறுச்சாமி.

"சட்டசபைக்கு ஓட்டுப் போடறான். சினிமாவுக்குப் போடக் கூடாதா?"

ராவுத்தர்தான் கொஞ்சம் பரிந்து பேசினார். "சின்னையன் தம்பி சொல்றதுல ஞாயம் இருக்கு. பெஞ்சு டிக்கெட்டை நம்பியிருந்தா இந்நேரம் நான் கீத்தைப் பிரிச்சு வித்திருப்பேன்."

முடிவில்லாமல் கலைந்தோம்.

ஜனவரி 12, வெள்ளி

நம்ப முடியவில்லை. ஆறுச்சாமியே வீட்டுக்கு வந்தான். "யோசிச்சுப் பாத்தேன், நீ சொன்னதுதான் சரி. கைநாட்டு வாங்கிக்கலாம்" என்றான். கையில் ஒரு கட்டு முழுத்தாள், மைப்பெட்டி. ஆளுக்கு ஒரு தாள். படத்தின் பெயரை மேலே பென்சிலில் எழுதவேண்டும், அடியில் பெயரும் ரேகையும். மெட்ராஸ் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறானாம். பிறகு அவனே மையில் அழகாக எழுதிக்கொள்வானாம்.

பெஞ்சுக்காரர்களுக்குத் துண்டுச் சீட்டு போதுமாம். கையெழுத்து இருக்கிறதே.

அவன் போனதும் அம்மா கேட்டாள்: "ஆறுச்சாமி கைக்காசு போட்டுக் காகிதம் வாங்கியாந்தானா? எங்கண்ணனுக்குப் பொறந்தவந்தானா அவன்?"

சிரித்தேன். ஜெயித்தது நான்.

ஜனவரி 14, ஞாயிறு

பொங்கல். மாமா வீட்டு வாசலில் கூலிக்காரர்கள் வரிசையில் நின்று வேட்டி வாங்கினார்கள். வாங்கிக் கும்பிட்டார்கள். பார்க்கப் பிடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜனவரி 17, புதன்

மேட்டுக்காட்டுக்குப் போனேன், கூலிக்காரர்கள் வேலைக்குக் கிளம்பும் முன். மாமா தோப்பை ஒட்டி ஆறு குடிசைகள். ஓடைக்கு அப்பால் மற்றவை. மொத்தம் இருபத்து மூன்று ரேகை.

கள் இறக்கும் சந்தனத்துக்குப் படத்தின் பெயர் தெரியவில்லை. "பேரெல்லாம் ஆருக்குங்க ஞாபகம்? பண்ணாடி ஊட்டு நாயி ஒண்ணு வருமே, கடைசீல அவரையே கடிச்சு வெக்குமே. அந்த நாய்க்குப் போட்டுக்குங்க என்ற ஓட்டை."

பண்ணையார் வீட்டு நாய். 'எட்டாவது மடை'தான். சந்தோஷமாக எழுதினேன்.

மூக்கம்மாளிடம்தான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. புருஷன் இல்லாதவள். மாமாவின் மோட்டார் ரூமுக்குப் பின்னால் உள்ள குடிசையில் இருபது வருடமாக இருக்கிறாள். தாளைப் பார்த்ததும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ரேகை எதுக்குங் சாமி? வாயில சொன்னாப் பத்தாதுங்களா?"

"பத்தாது."

"வெறுங்காகிதத்துல மட்டும் ரேகை வெச்சறாதேன்னு எங்கூட்டுக்காரரு சொல்லீட்டுச் செத்தாருங்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுக்கெடுத்தாலும் இப்பிடிப் பயந்து பயந்துதான் இப்பிடியே கெடக்கறீங்க. கேக்கறது ஆரு? நானு. நான் ஏமாத்துவனா?"

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலை நீட்டினாள். எந்தப் படம் என்று கேட்டேன்.

"அந்த மாளிகைக் காவக்காரன் படமுங்."

"மடை படம் பாக்கலையா?"

"பாத்தனுங். அதுல வாரது நாங்க தெனமும் படறதுதானுங்களே. பொழுதன்னைக்கும் பட்டுட்டு, தரையில உக்காந்து அதையே பாக்கோணுங்களா? காவக்காரன் படத்துல அந்தப் புள்ள பச்சைப் பட்டுக் கட்டீட்டு மாடிப்படி எறங்கி வருமுங்க. அதுக்குப் போடுங்."

'எட்டாவது மடை' என்று எழுதினேன்.

ஆமாம், எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தன் பக்கம் நிற்கிற படம் எது என்றுகூடத் தெரியாதவளின் ஓட்டில் பண்ணையார் மகன் ஜெயிக்க வேண்டுமா? மற்ற இருபத்திரண்டையும் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். ஒன்றே ஒன்று.

ஜனவரி 21, ஞாயிறு

'எட்டாவது மடை' 61. 'மாளிகைக் காவலன்' 58. அந்த ஒரு ஓட்டு இல்லாமலே ஜெயித்திருப்போம்.

ஆறுச்சாமி சண்டை போடுவான் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக் குலுக்கினான். ரேகைத் தாள்களை எண்ணி, மடிப்பு விழாமல் அட்டையில் வைத்துக் கட்டி எடுத்துப்போனான். தோற்றவனுக்கு ஏன் இவ்வளவு பக்குவம்?

ஜனவரி 28, ஞாயிறு

இலவசக் காட்சி. தரையில் இடமில்லை. இடைவேளைக்குப் பிறகு இடம் நிறைய இருந்தது. மூக்கம்மாள் முந்தானையை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எரிச்சலாக இருந்தது.

பிப்ரவரி 15, வியாழன்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் மூக்கம்மாள் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. குடிகிடப்புச் சட்டப்படி, குடிசையோடு சேர்ந்த பத்து சென்ட் அதில் குடியிருப்பவர்களுக்குச் சேரும். மாமா நிலத்தில் உள்ள ஆறு குடிசைக்காரர்களும் போன வருடமே மனுக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. எனக்கென்ன தெரியும், சினிமாவைத் தவிர? நேற்று சித்தூர் நிலத் தீர்ப்பாயத்தில் மூக்கம்மாளின் விசாரணை. மாமாவின் வக்கீல் ஒரு தாளை நீட்டியிருக்கிறார். மலையாளத்தில் எழுதியது. 'நான் மோட்டார் காவலுக்காகத் தங்கியிருக்கிறேன். குடிசை நில உடமஸ்தனுடையது. எனக்கு உரிமை ஏதுமில்லை.' அடியில் அவளுடைய ரேகை. மற்ற ஐந்து பேருக்கும் இதே மாதிரித் தாள் தயாராக இருக்கிறதாம்.

"நான் என்ற ஆயுசுல ஒரே ஒருக்காத்தான் ரேகை வெச்சிருக்கறனுங். நீங்க வாங்குனதுங்க அது."

அவ்வளவுதான் சொன்னாள்.

அடுத்த விசாரணை மார்ச் ஏழு. அன்றைக்கும் அந்தத் தாள் நின்றுவிட்டால் குடிசையைப் பிரிக்க வேண்டியதுதான்.

பிப்ரவரி 16, வெள்ளி

ராவுத்தரிடம் ஓடினேன். பெஞ்சுக்காரர்களின் துண்டுச் சீட்டுகள் அவருடைய தகர டப்பாவில் அப்படியே கிடக்கின்றன. மெட்ராஸுக்குப் போகிறதாக இருந்தால் இவையும்தானே போயிருக்க வேண்டும்? மடையன். எருமை நான்தான்.

"ராவுத்தரே, வந்து சாட்சி சொல்லுங்க."

அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொட்டகை நிக்கிற எடம் ஆருதுன்னு தெரியுமில்ல தம்பி? எனக்கு மூணு பொண்ணுங்க." டப்பாவை மட்டும் என் பக்கம் தள்ளினார். "இது காணாமப் போச்சுன்னா நான் தேட மாட்டேன்."

ஆறுச்சாமியைத் தோப்பில் பிடித்தேன். மறைக்கவே இல்லை. "அப்பன் கேட்டா அதுக நீட்டுமா? நீ கேட்டாத்தான நீட்டும். உன்னைய நம்புதுகடா." இளநீர் வெட்டி என்னிடம் நீட்டினான். தட்டிவிட்டேன்.

உன்னைய நம்புதுகடா.

பிப்ரவரி 18, ஞாயிறு

மாமா கூப்பிட்டனுப்பினார். குரலை உயர்த்தவில்லை. "சாட்சி சொல்லப் போறயாமா. சொல்லு. எந்தக் கெணத்துத் தண்ணியக் குடிச்சு வளந்தயோ, அதையும் சேத்துச் சொல்லு."

அம்மா சாப்பிடவில்லை. "எங்கண்ணன் மொகத்துல நான் எப்பிடிடா முழிப்பேன்? நெல்லு பால் பிடிக்கற நேரம். தண்ணியை நிறுத்தீட்டா என்ன பண்றது?"

"அவங்க ஆறு ஊடும் போகுதும்மா."

"நீ ஆருடா வாங்கப் போறதுக்கு? ரேகையெல்லாம்?"



பிப்ரவரி 20, செவ்வாய்

சித்தூர் போய் சாட்சி மனு கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 21, புதன்

தண்ணீர் நின்றது.

மார்ச் 7, புதன்

காலை பத்து மணியிலிருந்து காத்திருந்து மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். மூக்கம்மாள் சுவரோரம் குந்தியிருந்தாள். சந்தனமும் மற்றவர்களும் வராந்தாவில். எதிரே மாமா, வெள்ளைச் சட்டையில்.

நடந்ததைச் சொன்னேன். துண்டுச் சீட்டுகளைக் கொடுத்தேன். அதிகாரி எழுதிக்கொண்டார். மாமாவின் வக்கீல் எழுந்தார். சிரித்த முகம். எல்லாம் மலையாளத்தில்.

எத்தனை ரேகை வாங்கினாய்? இருபத்து மூன்று. மாதம் ஒன்றரைக்கு மேல் ஆகிறது. இந்த ஸ்திரீயின் தாளில் நீ எதையாவது எழுதினாயா, எதை எழுதினாய் என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறாய்? சினிமா பார்த்துப் பார்த்து இதையும் ஒரு கதையாக ஜோடிக்கிறாயா?

'ஞாபகம் இருக்கிறது' என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் அவர் சிரித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். தாள் நின்றிருக்கும்.

சொன்னேன். "அவங்க சொன்னது ஒரு படம். நான் எழுதினது வேற படம். இருபத்து மூணுல அப்பிடிச் செஞ்சது இது ஒண்ணுதான். அதனாலதான் ஞாபகம் இருக்கு."

அதிகாரி பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். வக்கீல் விடவில்லை: "அப்படியென்றால் அவள் சொல்லாததை அவள் ரேகைக்கு மேலே எழுதியவன் நீயும்தான்?"

"ஆமாங்க."

மறுபடி சொல்லச் சொன்னார்கள். மறுபடி சொன்னேன்.

அதிகாரி தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மேலே பென்சிலை அழித்த தடம் தெரிந்ததா, தெரியவில்லையா? முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

எல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு மலையாளம் புரியும். மூக்கம்மாளுக்கும் புரியும். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பஸ்ஸில் பெண்கள் இருக்கையில் இடம் இருந்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

மார்ச் 8, வியாழன்

ஆறுச்சாமி செய்தது திருட்டு. நான் செய்தது? நல்ல படத்துக்காகச் செய்தேன். அவனும் தன் அப்பனுக்கு நல்லது என்றுதான் செய்தான். ரெண்டு பேருமே அந்தப் பொம்பளைகிட்ட என்ன வேணும்னு கேட்டோமா? நான் கேட்டேன். கேட்டுட்டு மாத்தி எழுதினேன். அது இன்னும் கேவலம்டா.

மார்ச் 19, திங்கள்

நெல் கருகிவிட்டது. அம்மா வயலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். என்னோடு பேசுகிறாள், ஆனால் சோறு போடும்போது மட்டும்.

ஏப்ரல் 11, புதன்

தீர்ப்பு. ரேகைத் தாள் செல்லாது. மற்ற ஐந்து தாள்களை வக்கீல் வெளியே எடுக்கவே இல்லையாம். சந்தனம்தான் வந்து சொன்னான்: "ஏனுங் சின்னப் பண்ணாடி, நாய்க்குப் போட்ட ஓட்டு வீண் போகலீங்க."

சிரிப்பு வந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவை.

மே 24, வியாழன்

கோபாலபுரம் செக்போஸ்ட்டில் லாரிகளுக்குத் தேங்காய் ஏற்றுகிறேன். கையெல்லாம் கொப்புளம். இன்றைக்கு லீவு போட்டேன். மேட்டுக்காட்டில் சர்வேயர் வந்திருந்தார். மூக்கம்மாளின் பத்து சென்ட்டுக்கு நான்கு மூலையிலும் கல் நட்டார்கள். நிலத்துக்கான பட்டயம் வந்துவிட்டது. பெற்றுக்கொண்டதற்கு ரேகை வைக்கவேண்டும். அவள் வைக்கவில்லை. படித்துக் காட்டச் சொல்லித் தாளை என்னிடம் நீட்டினாள்.

முழுக்கப் படித்தேன். சர்வே நம்பர், எல்லை, அவள் பெயர், புருஷன் பெயர், எல்லாம். மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

பிறகு தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நீங்க படிச்சது சரியாத்தானுங் இருக்கும் சாமி. இருந்தாலும் ராவுத்தருகிட்டயும் ஒருக்காப் படிச்சுக் கேட்டுட்டு வந்தர்றனுங். சர்வேயரு அது வரைக்கும் இருப்பாருங்களா?"

இருப்பார் என்றேன். வெயிலில் அவள் கொட்டகைப் பக்கம் நடந்தாள். சர்வேயர் வாட்சைப் பார்த்தார். திரும்பி வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. நாங்கள் காத்திருந்தோம்.